சுவரில் படிந்த கரி யாருடையது?

குளிர்காலம் வந்து, யன்னல்கள் அடைபட்டு, ஹீற்றர்கள் சூடேறத் தொடங்கிய சில வாரங்களில், ஐரோப்பிய நாடுகளில் வாழும் எம்மவர் வீடுகள் சிலவற்றில் ஒரு விசித்திரமான கறுப்புப் படிவதுண்டு. ஹீற்றருக்கு மேலேயுள்ள சுவரிலும், திரைச்சீலையின் பின்புறத்திலும், கூரையும் சுவரும் சந்திக்கும் மூலைகளிலும் மெல்லிய கரிப்படலம் தோன்றும். விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்குடன் ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியால் துடைத்தால் போகாது, பரவும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வீட்டிலும் இது நிகழ்ந்தது. ஜேர்மனிய நகரமொன்றில், புதிதாக வர்ணம் பூசப்பட்டு, புதிய பிளாஸ்டிக் தரைவிரிப்பு ஒட்டப்பட்டிருந்த தொடர்மாடி வீடொன்றில் நாம் குடியேறிய முதற் குளிர்காலம் அது. வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். கரி படிந்த படுக்கையறைச் சுவரைப் பார்ப்பதற்கு முன்னரே அவர் எமது குசினியைப் பார்த்தார். அடுப்பின்மேல் தாச்சி இருந்தது. சாமிப் படத்தின் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காரணம் எமது சமையலும் எமது விளக்குமே என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. வீடு முழுவதற்கும் நாம் வர்ணம் பூசிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் முற்பணம் திரும்பக் கிடையாது என்று கூறிச் சென்றார். மூன்று மாத வாடகைக்கு ஈடான அந்தப் பணத்தை நாம் எவ்வாறு சேர்த்தோம் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவு எம் மனதில் ஒரேயொரு வினாவே நின்றது. இந்தக் கரி எங்கிருந்து வந்தது? அவ்வினாவைப் பின்தொடர்ந்தபோது, அதற்குப் பல நூற்றாண்டு வரலாறு இருப்பதைக் கண்டோம். எழுத்தாளரும் வைத்தியரும் விஞ்ஞானிகளும் நீதிபதிகளும் அதனைக் கேட்டிருக்கிறார்கள். அவ்வரலாற்றில் ஒரு தவறு மீண்டும் மீண்டும் வருகின்றது. கரியின் மூலத்தைத் தேடுவதற்கு முன்னரே குற்றவாளியைத் தீர்மானித்து விடுவதே அத்தவறு.

மூலம் தெரிந்த கரி

ஊரிலே புகைக்கரி எமக்கு அந்நியமானதன்று. விறகடுப்பின் புகை ஓலைக்கூரையினூடும் ஓட்டு இடுக்குகளினூடும் வெளியேறியது. கூரை மரங்கள் கறுத்துப் பளபளத்தன. அடுப்புக்கு மேலேயுள்ள பரணில் விதைகளையும் காய்ந்த பொருட்களையும் வைத்தோம். புகை பூச்சிகளை அண்டவிடாது காத்தது. விளக்குச் சுவாலையின் மேல் தட்டைப் பிடித்து, படிந்த கரியை எடுத்து, நெய்யிற் குழைத்துக் குழந்தையின் கண்ணுக்கு மையிட்டனர் எமது பாட்டிமார். எழுதும் மையும் ஆதியில் விளக்குக் கரியிலிருந்தே பிறந்தது. அங்கே கரியின் மூலத்தைத் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது கண்முன்னே எரிந்துகொண்டிருந்தது.

எனினும் மூலம் தெரிந்திருந்தும் அதன் விலையை நாம் கணக்கிடவில்லை. ஊதுகுழலும் கையுமாக அடுப்படியிற் குனிந்திருந்த எமது தாய்மாரின் சிவந்த கண்களையும், விடியற்காலை இருமலையும் வயதின் குறியென்றே எண்ணினோம். விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றை வீட்டினுள் எரிப்பதால் உண்டான புகை 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் மரணங்களுக்குக் காரணமாயிற்று என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அந்த எண்ணை வாசித்தபோது எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு தாயின் இருமலே.

புகைக்கூட்டின் வருகை

நாம் இன்று வாழும் ஐரோப்பாவிலும் நிலைமை ஒருகாலத்தில் வேறாக இருக்கவில்லை. மத்தியகால இங்கிலாந்தின் வீடுகளில் கூடத்தின் நடுவே நெருப்பு எரிந்தது. புகை கூரைத் துவாரத்தினால் வெளியேறியது. பின்னரே சுவரோடு சேர்ந்த அடுப்பும் புகைக்கூடும் பொதுமக்கள் வீடுகளுக்கு வந்தன. விறகு அருகி விலை ஏறியபோது இலண்டன் மக்கள் நிலக்கரிக்கு மாறினர். கப்பலில் வந்தமையால் அதனைக் கடற்கரி என்றனர். அதன் புகையைப் பொறுக்க முடியாமல் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, முதலாம் எட்வேர்ட் மன்னர் காலத்தில், அதனை எரிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. தடை நிலைக்கவில்லை. குளிர் மன்னரின் கட்டளையை விட வலியதாயிருந்தது.

1661ஆம் ஆண்டு ஜோன் ஈவ்லின் என்னும் அறிஞர், இலண்டனின் புகையைப் பற்றி ஒரு சிறு நூலை எழுதி இரண்டாம் சாள்ஸ் மன்னருக்குச் சமர்ப்பித்தார். ‘ஃபியூமிஃபூஜியம்’ என்பது அதன் பெயர். புகை மக்களின் நுரையீரலைக் கெடுக்கின்றது, வீட்டுப் பொருட்களையும் துணிகளையும் கறுப்பாக்குகின்றது என அதில் எடுத்துரைத்தார். மூலம் யாது என்ற வினாவிற்கு அவர் தந்த விடை கவனத்திற்குரியது. வீட்டு அடுப்புகளின் பங்கு மிகச் சிறிதென்றும், மதுவடிப்போர், சாயமிடுவோர், சுண்ணாம்பு சுடுவோர், சவர்க்காரம் காய்ச்சுவோர் ஆகியோரின் உலைகளே முதன்மைக் காரணமென்றும் அவர் கொண்டார். அவ்வுலைகளை நகருக்கு வெளியே அகற்ற வேண்டுமென்பதே அவரது யோசனை.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இலண்டன் வளர வளர, அவர் கணக்கில் எடுக்காத வீட்டு அடுப்புகள் இலட்சக்கணக்கிற் பெருகின. தன் வீட்டு நெருப்பைக் குற்றஞ்சாட்ட எவரும் முன்வரவில்லை. அதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகள் சென்றன.

புகைக்கூட்டினுள் சிறுவர்

இடையில் ஒரு கொடுமை நடந்தேறியது. நிலக்கரி எரியும் புகைக்கூட்டின் உட்சுவரில் கரி தடித்துப் படிந்தது. அதனை அகற்றாவிடின் புகை வீட்டினுள் திரும்பும்; சில வேளைகளிற் கரியே தீப்பற்றும். புகைக்கூடுகள் ஒடுங்கியவையாயும் வளைந்தவையாயும் இருந்தன. சிலவற்றின் உள்வெளி 9 அங்குலச் சதுரத்துக்கு மேற்படவில்லை. அதனுள் யாரால் நுழைய முடியும்? சிறுவர்களால் முடியும். ஏழைகளின் பிள்ளைகளும் அநாதைகளும் புகைக்கூடு துப்புரவாக்கும் எசமானர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். முழங்காலும் முழங்கையும் உராய்ந்து புண்ணாக, அவர்கள் இருளுக்குள் ஏறினர். சிலர் இடையிற் சிக்கி மூச்சடைத்து மாண்டனர்.

1775ஆம் ஆண்டு, இலண்டன் சென் பார்த்தலோமியூ வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட், இத்தொழிலாளரிடையே விதைப்பையில் ஒருவகைப் புற்றுநோய் தோன்றுவதை விபரித்தார். அதுவரை வைத்தியர்கள் அதனைப் பாலியல் நோயென்று கருதி இரசத்தினால் வைத்தியஞ் செய்து வந்தனர். நோயாளியின் ஒழுக்கத்தின் மேலேயே பழி விழுந்திருந்தது. பொட் வேறுவிதமாகச் சிந்தித்தார். தோல் மடிப்புகளிற் படிந்து தங்கும் புகைக்கரியே நோயின் மூலம் என்றார். ஒரு தொழிலின் சூழலிலுள்ள பொருளொன்றைப் புற்றுநோயுடன் தொடர்புபடுத்திய முதல் வைத்தியக் கூற்று அதுவே. 1933இல் நிலக்கரித் தாரிலிருந்து பென்சோபைரீன் என்னும் இரசாயனப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டபோது, பொட் கண்டதன் இரசாயனக் காரணமும் வெளிச்சத்துக்கு வந்தது.

உண்மை தெரிந்தது, ஆனால் சட்டம் மெல்லவே நடந்தது. 1788ஆம் ஆண்டுச் சட்டம் 8 வயதுக்குக் குறைந்தோரை இத்தொழிலிற் சேர்ப்பதைத் தடுத்தது. அதனை எவரும் மேற்பார்வை செய்யவில்லை. 1840இல் 21 வயதுக்குட்பட்ட எவரும் புகைக்கூட்டில் ஏறக்கூடாதென விதிக்கப்பட்டது. அதுவும் மீறப்பட்டது. நீண்ட தூரிகைகளும் கோல்களும் வந்துவிட்ட பின்னரும், பழக்கம் காரணமாகவும் செலவு காரணமாகவும் வீட்டுக்காரர்கள் சிறுவர்களையே கேட்டனர். 1875இல் ஜோர்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் கேம்பிரிட்ஜுக்கு அருகில் ஒரு வைத்தியசாலையின் புகைக்கூட்டிற் சிக்கி இறந்தான். அதன் பின்னரே, ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால், தொழிலாளர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றும் பொலிசார் மேற்பார்க்க வேண்டும் என்றும் சட்டமாகியது. பொட் எழுதியதிலிருந்து சரியாக 100 ஆண்டுகள்.

ஜேர்மனியில் வாழும் எமது வாசகர்களுக்கு ஒரு செய்தி. 1892இல் ஹென்றி பட்லின் என்ற ஆங்கில வைத்தியர், ஐரோப்பியப் பெருநிலத்தின் புகைக்கூடு துப்புரவாளரிடையே இந்நோய் ஏன் அரிதாக உள்ளதென ஆராய்ந்தார். அவர்கள் உடலை இறுக மூடும் ஆடை அணிந்தனர். நாள்தோறும் உடல் கழுவினர். புதுவருட வாழ்த்து அட்டைகளில் அதிர்ஷ்டத்தின் அடையாளமாக நாம் காணும் அந்தக் கறுப்பு உடைக்காரரின் ஆடை, வெறும் அலங்காரமன்று. அவரது உயிரைக் காத்த கவசம்.

மெழுகுதிரியின் பாடம்

புகைக்கரி என்பதுதான் யாது? இதனைச் சாதாரண மக்களுக்கும் சிறுவருக்கும் மிகத் தெளிவாக விளக்கியவர் மைக்கேல் பரடே. கொல்லன் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்று, விஞ்ஞானியாக உயர்ந்தவர். 1860ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் அவர் ஆற்றத் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகளுக்கு ஒரேயொரு மெழுகுதிரியே பொருளாயிற்று. அவை 1861இல் நூலாகவும் வெளிவந்தன.

சுவாலையின் ஒளிக்குக் காரணம், அதனுள்ளே சூடேறித் தணலாக ஒளிரும் நுண்ணிய காபன் துணிக்கைகள் என்று பரடே காட்டினார். காற்று, அதாவது ஒட்சிசன், போதிய அளவு கிடைத்தால் அத்துணிக்கைகள் சுவாலையின் விளிம்பில் முற்றாக எரிந்து காபனீரொட்சைட்டாகிவிடும். காற்றுக் குறைந்தால், அல்லது குளிர்ந்த பொருளொன்று சுவாலையைத் தொட்டால், அவை எரியாமலே தப்பி வெளிவரும். அதுவே புகைக்கரி. கரி என்பது முடிவடையாத எரிதலின் எச்சம்.

ஜெனீவாவைச் சேர்ந்த ஆர்கண்ட் என்பவர் 1780களிலேயே இதனைப் பயன்படுத்தி விளக்கைத் திருத்தியிருந்தார். திரியைக் குழாய் வடிவாக்கி, உள்ளும் புறமும் காற்று ஓடச் செய்து, மேலே கண்ணாடிக் கூண்டை வைத்தார். ஒளி பெருகியது, கரி குறைந்தது. எமது ஊரின் மேசைலாம்பின் சிமினியும் அந்த வழியில் வந்ததே. திரியை அளவுக்கு மேல் உயர்த்தினால் சிமினி கறுக்கும் என்பதை அம்மா கூறி அறிந்தோம். அதன் காரணத்தைப் பரடே விளக்கினார்.

1990இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய் கிடைப்பதற்கு அரிதாகியபோது, ஜாம் போத்தலினுள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு விளக்காக்கிப் படித்தனர் எமது பிள்ளைகள். அவ்விளக்குக்குச் சிமினி இல்லை. காற்றை ஒழுங்காக இழுக்கும் வழியும் இல்லை. காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்ததை அக்காலத்து மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களிற் பலர் இன்று இந்நாடுகளிலே பிள்ளைகளின் பெற்றோர்.

இலண்டன் மூச்சடைத்த ஐந்து நாட்கள்

1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி, இலண்டன் மாநகரின் மேல் குளிர்ந்த காற்று அசையாது தேங்கியது. அதற்கு மேலே சூடான காற்று மூடிபோலப் படர்ந்தது. மக்கள் குளிருக்கு அஞ்சி அடுப்புகளில் மேலும் நிலக்கரியை இட்டனர். புகை மேலே செல்ல வழியின்றித் தெருக்களில் இறங்கியது. கதவிடுக்குகளால் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. சட்லேர்ஸ் வெல்ஸ் அரங்கில் இசை நாடகமொன்று, அரங்கினுள் புகை நிறைந்தமையால் இடையில் நிறுத்தப்பட்டது. 9ஆம் திகதி காற்று வீசியபோதே நகரம் மூச்சுவிட்டது. ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என அக்காலத்திற் கணக்கிடப்பட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் அத்தொகையை 12,000 வரை மதிப்பிட்டுள்ளனர்.

சேர் ஹியூ பீவர் தலைமையில் 1953இல் விசாரணைக் குழு அமைந்தது. தொழிற்சாலைகளையும் மின்நிலையங்களையும் எல்லோரும் கைகாட்டியிருந்த வேளையில், நாட்டின் புகையில் ஏறக்குறைய பாதி வீட்டு அடுப்புகளிலிருந்தே வருகின்றது என அக்குழு கண்டது. வீட்டு அடுப்பில் நிலக்கரி மந்தமாகவும் குறைந்த காற்றுடனும் எரிவதால், எரிக்கும் அளவுக்கு மிஞ்சிய புகையை அது கக்குகின்றது. ஈவ்லின் விட்டுச்சென்ற கணக்கு அன்றுதான் நேர்செய்யப்பட்டது. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகையற்ற வலயங்களை உருவாக்கியது. வீட்டு அடுப்புகளை மாற்றுவதற்கு மக்களுக்குப் பண உதவியும் அளித்தது. பழியை மட்டும் சுமத்தாது மாற்று வழியையும் கொடுத்தமையே அச்சட்டத்தின் சிறப்பு.

கரியுடன் வரும் காணாத எதிரி

இங்கே ஓர் அவசரமான விடயத்தைக் கூறாது செல்ல முடியாது. எரிதல் முற்றுப்பெறாத இடத்திற் கரியுடன் இன்னொன்றும் பிறக்கின்றது. அது காபனோரொட்சைட்டு வாயு. நிறமில்லை, மணமில்லை. கரியைக் கண் காணும், இதனைக் காணாது. சுரங்க விபத்துகளில் இறந்தோரை ஆராய்ந்த ஜே. எஸ். ஹோல்டேன் என்னும் விஞ்ஞானி, வெடிப்பிலும் பார்க்க இவ்வாயுவே பலரைக் கொன்றதென 1896இல் எடுத்துக்காட்டினார். சுரங்கங்களுக்குக் கூண்டுப் பறவையைக் கொண்டுசெல்லும் வழக்கம் அவரது யோசனையிலிருந்தே பிறந்தது. பறவை மனிதருக்கு முன்னே மயங்கும்.

ஆகவே எரிவாயு ஹீற்றரின் அல்லது கொதிகலனின் அருகே கரி படிந்திருந்தால், நீலமாக எரிய வேண்டிய சுவாலை மஞ்சளாக எரிந்தால், வீட்டிலிருக்கும்போது தலையிடியும் குமட்டலும் தோன்றி வெளியே சென்றதும் தணிந்தால், அதனைச் சுவரின் அழகு பற்றிய பிரச்சினையாக எண்ணக்கூடாது. கருவியை நிறுத்தி, யன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றி, 112 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இறைச்சி வாட்டும் கரியடுப்பை எக்காரணம் கொண்டும் வீட்டினுள்ளே எரிக்கக் கூடாது. இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் கடைகளிலே கிடைக்கின்றன. இங்கிலாந்தில், எரிபொருள் எரியும் நிலையான கருவியுள்ள அறைகளில், சமையல் எரிவாயு அடுப்பு நீங்கலாக, அக்கருவியைப் பொருத்துவது 2022 ஒக்டோபர் முதல் வீட்டுச் சொந்தக்காரரின் கடமையாக்கப்பட்டது.

அடுப்பில்லாத வீட்டிற் கரி

இனி எமது சுவருக்குத் திரும்புவோம். எமது வீட்டிற் புகைக்கூடு இல்லை. மின்சார அடுப்பு, கட்டிடத்துக்கு வெளியிலிருந்து வரும் வெந்நீரால் சூடேறும் ஹீற்றர். அப்படியானால் கரி எங்கிருந்து வந்தது?

இவ்வினாவை ஜேர்மனி முழுவதும் ஆயிரக்கணக்கானோர் கேட்டிருந்தனர். 1990களின் நடுப்பகுதியிலிருந்து, குளிர்காலங்களில் வீடுகள் திடீரெனக் கறுப்பதாக முறைப்பாடுகள் குவிந்தன. சில வீடுகளில் சில நாட்களுக்குள்ளேயே இது நிகழ்ந்தது. ஜேர்மனிய சமஷ்டிச் சுற்றாடற் பணியகம் இதனை ஆராய்ந்தது. பாதிக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை புதிதாகக் கட்டப்பட்ட அல்லது அண்மையிற் புதுப்பிக்கப்பட்ட வீடுகள் என்பது புலனாயிற்று. புதிய வர்ணம், பசை, பிளாஸ்டிக் தரைவிரிப்பு முதலியவற்றிலிருந்து மெல்ல ஆவியாகும் இரசாயனப் பொருட்கள் காற்றில் மிதக்கும் நுண்தூசியை ஒட்டச் செய்கின்றன. யன்னல் திறவாத குளிர்காலத்தில் அவை செறிவடைந்து, ஹீற்றரின் வெப்பத்தில் எழும் காற்றுடன் சுழன்று, குளிர்ந்த சுவர்களில் படிகின்றன. ஆகவே கரியெனத் தோன்றிய அது, முழுவதும் எரிந்த பொருளின் கரியன்று. நாமிட்ட பெயரே நாம் தேடும் திசையைப் பிழையாக்கியிருந்தது.

எனினும் மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும் இதற்குத் துணைபோகும் என்பதையும் அப்பணியகம் மறைக்கவில்லை. அமெரிக்காவிலும் 1990களில், கண்ணாடிக் குவளைகளில் எரியும் வாசனை மெழுகுதிரிகள் வீடுகளைக் கறுப்பாக்குவதாக முறைப்பாடுகள் எழுந்தன. திரி நீண்டும், காற்று தடைப்பட்டும் எரியும்போது கரி பெருகும். பரடேயின் பாடமேதான். ஊதுபத்தியும் நுண்துகள்களை வெளியிடுகின்றது. கற்பூரமோ கறும்புகையுடன் எரிவதில் எல்லாவற்றையும் விஞ்சும்.

2008ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி, ஜேர்மனியின் சமஷ்டி நீதிமன்றம் இவ்வகை வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. வாடகைக்குக் குடியிருந்தவர் தரைவிரிப்பு இட்டதும், கடையில் கிடைக்கும் சாதாரண வர்ணம் பூசியதும், குளிர்காலத்தில் யன்னல் துடைத்ததும் வீட்டை வழமையாகப் பயன்படுத்தும் செயல்களே என்றும், அவற்றால் கறுப்புப் படிந்திருப்பினும் அதனை அகற்றுவது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பே என்றும் அது கூறியது. ஒவ்வொரு வழக்கும் அதனதன் விபரங்களைப் பொறுத்ததே. ஆயினும் குடியிருப்பவர்மேல் பழி தானாக விழாது என்பதை இத்தீர்ப்பு நிலைநாட்டியது.

நாம் தேடிய முறை

சினத்தை அடக்கிக்கொண்டு நாம் தேடத் தொடங்கினோம். எதனையும் துடைக்கு முன்னர் ஒவ்வொரு சுவரையும் திகதியுடன் படம் பிடித்தோம். பூஞ்சணமா என்று முதலிற் பார்த்தோம். பூஞ்சணம் ஈரமான மூலைகளிற் புள்ளி புள்ளியாகத் தோன்றும். மண் மணம் வீசும். எமது சுவர் உலர்ந்திருந்தது. கறுப்பு, நிழல் போலச் சீராகப் படர்ந்திருந்தது. பின்னர் ஒவ்வோர் அறையிலும் கழுவித் துடைத்த வெள்ளைப் பீங்கான் தட்டொன்றை வைத்தோம். வாரமொரு முறை வெள்ளைக் கடதாசியால் தட்டைத் துடைத்து, அக்கடதாசியில் அறையின் பெயரையும் திகதியையும் எழுதினோம். இரண்டு வாரங்கள் விளக்கும் கற்பூரமும் ஏற்றவில்லை. அடுத்த இரண்டு வாரங்கள் வழமைபோல ஏற்றினோம்.

கடதாசிகளை மேசையில் வரிசையாக அடுக்கியபோது விடை தெரிந்தது. பொரியலும் தாளிதமும் நடந்த குசினியிற் கறுப்பு மிகக் குறைவு. யாரும் எதனையும் எரிக்காத படுக்கையறையில், புதிய தரைவிரிப்பு ஒட்டிய அறையில், அது மிக அதிகம். விளக்கை நிறுத்திய வாரங்களிலும் குறையவில்லை. ஆனால் சாமிப் படத்திற்கு மேலே, சுவாலையிலிருந்து எழுந்து இறகுபோல விரிந்த இன்னொரு கறுப்பு இருந்தது. விளக்கை நிறுத்திய வாரங்களில் அவ்வறைக் கடதாசி வெண்மையாகவும், ஏற்றிய வாரங்களிற் கறுத்தும் இருந்தது. அது எம்முடையதே.

வாடகைக்குக் குடியிருப்போர் சங்கத்தின் ஆலோசனையுடன், படங்களையும் கடதாசிகளையும் இணைத்துக் கடிதம் எழுதினோம். சாமி அறைச் சுவரின் கரி எமது விளக்கினால் உண்டானது, அதனை நாமே சீர்செய்வோம் என்பதையும் அதில் எழுதினோம். அதனை எழுத வேண்டாமென்று நண்பர்கள் தடுத்தனர். ஆனால் அவ்வரியே மற்ற வரிகளுக்கு நம்பிக்கை தந்தது என்று நாம் நம்புகின்றோம். சில மாதக் கடிதப் போக்குவரத்தின் பின் ஏனைய அறைகளுக்கு வீட்டுச் சொந்தக்காரர் வர்ணம் பூசுவித்தார். வருத்தம் தெரிவிக்கவில்லை. சாமி அறைச் சுவரை நாம் பூசினோம். இப்போது திரியைக் குறுக்கி ஏற்றுகின்றோம். கற்பூரம் விசேட நாட்களில் மட்டும், யன்னலைத் திறந்து வைத்து.

அந்நிய நாட்டிலே வாழும் எம்மீது பழி எளிதில் விழுகின்றது. எமது உணவின் மணமும் வழிபாட்டின் புகையும் பிறர் கண்ணுக்கு முதலிற் படுகின்றன. அப்போது மௌனமாகத் தலைகுனிவதும் தவறு. எமக்கு ஒன்றுமே தெரியாதெனச் சத்தமிடுவதும் தவறு. இதே கரியின் முன்னால் பொட் நோயாளியின் ஒழுக்கத்தைப் பார்க்கவில்லை. அவன் தோலிற் படிந்ததைப் பார்த்தார். பீவர் குழு பக்கத்துத் தொழிற்சாலையுடன் நிற்கவில்லை. தன் வீட்டு அடுப்பையும் பார்த்தது. அவ்விரு பார்வையும் எமக்கு வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் உங்கள் சுவர் கறுக்குமானால், துணியை எடுக்குமுன் வெள்ளைக் கடதாசி ஒன்றை எடுங்கள். திகதியை எழுதுங்கள்.